ஜாஸ் கலைஞர்களின் பழைய தொலைக்காட்சிப் பதிவுகளை இணையத்தில் தேடிப் பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் சர்ச் கொயரிலும் பேண்டு செட்டிலும் சாக்ஸபோன், டிரம்பெட், கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகள் நிறைய. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் சிலர் வருகிறார்கள். பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகியபின், வாசிப்பவரின் விரலையும் வாயையும் மூச்சு எடுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: யூடியூபைத் திறந்து கலைஞரின் பெயரையும் கூடவே ‘லைவ்’ என்றும் அடிக்கிறார்கள். ஒரே ஒரு புகைப்படம் அசையாமல் நிற்க, பின்னால் ஒலித்தட்டு ஓடுகிற வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

பெயரை வைத்துத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். கேமரா எந்த ஊரில், எந்த நாளில், எந்த நிகழ்ச்சிக்காக அந்தக் கலைஞர் முன் நின்றது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தேடல் பெட்டிக்குப் போவது அதற்கு அப்புறம். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தைய படியில் எழுதி வைத்ததைக் கொண்டுதான் நடக்கும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, நல்ல இயர்போன், சுருதி பார்க்க ஒரு கீபோர்டு. கீபோர்டு இல்லையென்றால் ஃபோனில் டியூனர் ஆப் போதும். சுருதி எதற்கு என்று ஆறாவது படியில் தெரியும்.

ஃபோனில் தேடுவதானாலும் யூடியூப் ஆப்பை விட்டுவிட்டு பிரவுசரில் திறந்து, ‘டெஸ்க்டாப் சைட்’ போட்டுக்கொள்ளுங்கள். பல டேப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும், வீடியோவின் கீழே உள்ள விவரக் குறிப்பை முழுசாகப் படிக்கவும், நகலெடுக்கவும் அதுதான் வசதி.

டேட்டாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. அந்தக் கால அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 வரிகள் கொண்டது. பிரிட்டனில் முதலில் 405, அப்புறம் 625. ஆகவே 1957 பதிவை யாராவது 1080 தரத்தில் ஏற்றியிருந்தாலும் அதில் கூடுதலாகப் பார்க்க ஒன்றும் இல்லை. 480இல் வைத்துப் பாருங்கள். மழை நாளில் சிக்னல் படுத்துவிட்டாலும் ஓடும்.

2. முதலில் பட்டியல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தாண்டி ஓடுவதும் இதைத்தான்.

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் டேவிட் மீக்கர் தொகுத்த ‘ஜாஸ் ஆன் தி ஸ்கிரீன்’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஜாஸ், ப்ளூஸ் கலைஞர்கள் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் தோன்றிய இடங்களை அதில் திரட்டி வைத்திருக்கிறார். காசு கட்ட வேண்டாம். வீடியோ அங்கே ஓடாது, ஆனால் எதைத் தேடுவது என்று சொல்லிவிடும். உங்கள் கலைஞரின் பெயரை அங்கே போட்டு, வருவதை நோட்டில் எழுதுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து விவரங்கள் வேண்டும்: பதிவான நாள், ஒளிபரப்பான நாள், ஊர், நிகழ்ச்சியும் நிலையமும், கூட வாசித்தவர்கள். கடைசி விவரத்தை யாரும் எழுதுவதில்லை. பிறகு ஒரு வீடியோ உண்மையா என்று பார்க்கும்போது அதுதான் முதலில் கைகொடுக்கும்.

பதிவான நாளையும் ஒளிபரப்பான நாளையும் ஏன் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன்? டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடும் கில் எவன்ஸ் இசைக்குழுவோடும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸுக்காக வாசித்த நிகழ்ச்சி பதிவானது 1959 ஏப்ரல் 2. ஒளிபரப்பானது 1960 ஜூலை 21. அதற்குள் கோல்ட்ரேன் அந்தக் குழுவை விட்டே போய்விட்டார். ஒருவர் 1959 என்று ஏற்றியிருப்பார், இன்னொருவர் 1960 என்று. இரண்டு வேறு நிகழ்ச்சிகள் என்று நினைத்துக்கொண்டு ஒரே வீடியோவை இரண்டு முறை தேடுகிறவர்கள் உண்டு.

மீக்கர் பட்டியலோடு இந்த நிகழ்ச்சிப் பெயர்களையும் தெரிந்து வைத்திருங்கள். கலைஞர் பெயரோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தாலே தேடல் பாதி முடிந்த மாதிரி. பிபிசியின் இரண்டாவது சேனலில் 1964 முதல் 1966 வரை வந்த ‘ஜாஸ் 625’ (அந்த 625, மேலே சொன்ன வரி எண்ணிக்கைதான்). ரால்ஃப் கிளீசன் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நடத்திய ‘ஜாஸ் கேஷுவல்’. சிபிஎஸ் 1957இல் ஒளிபரப்பிய ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’. லாஸ் ஏஞ்சலஸில் பாபி டிரூப் தொகுத்த ‘ஸ்டார்ஸ் ஆஃப் ஜாஸ்’. ஆஸ்கர் பிரவுன் ஜூனியர் தொகுத்த ‘ஜாஸ் சீன் யுஎஸ்ஏ’. நியூயார்க்கிலிருந்து வந்த ‘சோல்!’.

ஐரோப்பாவை மறக்காதீர்கள். அமெரிக்கக் கலைஞர்கள் 1960களில் அங்கே ஓயாமல் சுற்றினார்கள். அரசுத் தொலைக்காட்சிகள் முழுக் கச்சேரிகளையே படம் பிடித்தன. பென் வெப்ஸ்டரும் டெக்ஸ்டர் கார்டனும் கோபன்ஹேகனிலேயே குடியிருந்தார்கள். சாக்ஸபோன் படிக்கிறவர்கள் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு முன்பே ஐரோப்பாவைத் தேடலாம் என்பது என் கருத்து. பேச்சு குறைவு, பாட்டு நீளம், விரல்களை அருகிலிருந்து காட்டும் காட்சிகளும் நிறைய.

3. இல்லாததற்காக நேரம் கொடுக்காதீர்கள்

“அண்ணே, சார்லி பார்க்கர் வீடியோ ஒண்ணுதான் வருது, மிச்சமெல்லாம் எங்க?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். மிச்சம் கிடையாது. சாக்ஸபோன் கலைஞரான பார்க்கர் நேரடியாக வாசிப்பதை ஒலியோடு காட்டும் பதிவாக இதுவரை கிடைத்திருப்பது 1952 பிப்ரவரி 24 அன்று டூமான்ட் தொலைக்காட்சியில் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு வாசித்தது ஒன்றுதான். 1950இல் எடுத்த இன்னொரு படத்தில் அவர் ஏற்கெனவே பதிவான ஒலிக்கு வாசிப்பது போலக் காட்டுகிறார். அதில் விரலைப் பார்த்துப் பாடம் எடுக்காதீர்கள்.

கிளிஃபர்ட் பிரவுனும் அப்படியே. 1956இல் 25 வயதில் விபத்தில் இறந்தவர். டிட்ராய்ட்டில் சூப்பி சேல்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் வாசித்த சில நிமிடங்கள்தான் அவரைப் பற்றிக் கிடைத்திருக்கும் படம். டிரம்பெட் வாசிக்கிறவர்கள் அந்தச் சில நிமிடங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தேடலை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காரணம் எளிது. வீடியோ டேப் வருவதற்கு முன் நிகழ்ச்சிகள் நேரடியாகப் போய்விடும். தொலைக்காட்சித் திரைக்கு முன் ஃபிலிம் கேமரா வைத்துப் பிடித்தால்தான் மிஞ்சும். டேப் வந்த பிறகும் அதன் விலை அதிகம் என்பதால் அழித்து அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். அதனால் பட்டியலில் நிகழ்ச்சி இருக்கிறது என்பதால் பதிவும் இருக்கிறது என்று ஆகாது.

நம் பக்கத்துக் கேள்வி ஒன்றும் அடிக்கடி வரும். டேவ் புரூபெக் 1958இல் இந்தியாவில் சுற்றினார், ட்யூக் எல்லிங்டன் 1963இல் வந்தார், சென்னையிலும் வாசித்தார்கள். அந்தத் தொலைக்காட்சிப் பதிவு கிடைக்குமா? டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கியதே 1959 செப்டம்பரில். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. ஆகவே சென்னைக் கச்சேரியைத் தொலைக்காட்சிப் பதிவாகத் தேடுவதில் பலன் இல்லை. மும்பையில் 1978இல் தொடங்கிய ஜாஸ் யாத்ரா விழாவிலிருந்து தேடினால் அர்த்தம் உண்டு.

இன்னொரு குழப்பம்: 1940 முதல் 1946 வரை வந்த ‘சவுண்டீஸ்’ எனும் மூன்று நிமிடப் படங்கள். காசு போட்டால் ஓடும் பெட்டிகளுக்காக எடுத்தவை. ஒலியை முன்பே பதிவு செய்து, பிறகு அதற்கு நடித்தார்கள். இவை தொலைக்காட்சிப் பதிவு அல்ல, விரல் பார்க்கவும் உதவாது. ஏற்றியவர் ‘டிவி 1943’ என்று தலைப்புப் போட்டிருந்தாலும் ஏமாறாதீர்கள்.

4. இப்போது தேடல் பெட்டி

கலைஞர் பெயர், ஊர், வருடம்: இந்த மூன்றும் முதல் தேடல். கலைஞர் பெயர், நிகழ்ச்சிப் பெயர்: இது இரண்டாவது. மூன்றாவதில் கலைஞர் பெயரை விட்டுவிட்டு டிரம்ஸ் அல்லது பேஸ் வாசித்தவரின் பெயரையும் ஊரையும் போடுங்கள். டிரம்ஸ் ரசிகர்கள் தங்கள் ஆளின் பெயரில்தான் வீடியோ ஏற்றுகிறார்கள். அதே கச்சேரி அங்கே முழுசாகக் கிடக்கும்.

ஃபில்டரில் இருபது நிமிடத்துக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அரை மணி அல்லது ஒரு மணி நேரம். இதைச் செய்தால் வெட்டிப் போட்ட துண்டுகளும் புகைப்பட வீடியோக்களும் பெருமளவு விலகிவிடும். தேவையில்லாத சொற்களுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அவையும் போகும். ‘கவர்’, ‘லெசன்’, ‘ரியாக்‌ஷன்’ ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் அப்படி அடித்து நீக்குங்கள்.

எழுத்துக்கூட்டல் பெரிய வழுக்குமரம். காதில் விழுந்தபடி அடித்தால் கிடைக்காது. விக்கிப்பீடியாவிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள். அதில் தேடி முடித்தபின், வேண்டுமென்றே தப்பான எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடுங்கள், ஏனென்றால் ஏற்றியவர்களும் தப்பாக எழுதியிருப்பார்கள். திலோனியஸ் மங்க்கின் முதல் பெயரில் கடைசியில் வரும் ‘ஓ’ எழுத்தை விட்டுவிட்டு எழுதியவர்கள் ஏராளம்.

அதே விக்கிப்பீடியா பக்கத்தில் மொழிப் பட்டியல் இருக்கும். ஜப்பானிய மொழியைச் சொடுக்கி, பக்கத்தின் தலைப்பை அப்படியே நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். ரஷ்ய மொழிக்கும் அப்படியே. நமக்கு அந்த எழுத்து படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத் தேடலில் தலைகாட்டாத வீடியோக்கள் இதில் வருகின்றன.

யூடியூப் தேடல் கைவிட்டால் கூகுளுக்குப் போங்கள். ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதி, அப்புறம் தேடும் சொல். இப்படிச் செய்தால் அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும். தேடல் வசதி சுமாராக உள்ள காப்பகத் தளங்களுக்கு இது நல்ல மருந்து.

5. எந்தக் கதவு இங்கிருந்து திறக்கும்

பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும். ஆனால் பிபிசியின் ‘புரோகிராம் இண்டெக்ஸ்’ இங்கேயும் திறக்கும். பழைய ரேடியோ டைம்ஸ் இதழின் நிகழ்ச்சிப் பட்டியல்கள் 1923 முதல் அதில் இருக்கின்றன. ‘ஜாஸ் 625’ என்று போட்டால் எந்த நாளில் யார் வாசித்தார் என்று வரும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு யூடியூபில் தேடுங்கள்.

அமெரிக்கன் ஆர்க்கைவ் ஆஃப் பப்ளிக் பிராட்காஸ்டிங் தளத்திலும் இதே கதை. வீடியோக்களைப் பார்க்கும் பகுதி அமெரிக்காவுக்குள் மட்டும். பதிவு விவரங்களை நாம் படிக்கலாம். வீடியோ ஓடவில்லை என்று தளத்தையே விட்டுவிடாதீர்கள்.

பிரான்ஸின் ஈனா நிறுவனம் தன் தொலைக்காட்சிக் களஞ்சியத்தை 2006இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சில முழுசாக ஓடும், சில துண்டாக. பிரவுசரின் மொழிபெயர்ப்பை வைத்துப் பக்கத்தைப் படிக்கலாம், ஆனால் தேடல் பெட்டியில் பெயரும் ஊரும் மட்டும் போடுங்கள். ஆன்டிப் நகரில் 1960 முதல் நடக்கும் ஜாஸ் விழா இங்கே நல்ல திறவுகோல். கோல்ட்ரேன் 1965 ஜூலையில் அங்கே வாசித்தார்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடிய பிறகு, இடது பக்கத்தில் ‘மூவிஸ்’ வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒலிக்கோப்புகளுக்குள் மூழ்கிவிடுவீர்கள்.

6. கிடைத்தது அதுதானா?

நான் சந்தித்தவர்களில் பலர் வீடியோ கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தலைப்பு சொல்வதை நம்பக் கூடாது. வாசிப்பைப் பார்த்துக் கற்பவருக்கு, தப்பான ஒலியோ தப்பான வேகமோ உள்ள வீடியோ கெடுதல்தான் செய்யும்.

ஆட்களை எண்ணுங்கள். பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 1964 ஏப்ரல் சுற்றுப்பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்லோவில் 12ஆம் தேதி, ஸ்டாக்ஹோமில் 13ஆம் தேதி, பெல்ஜியத்தின் லியேஜில் 19ஆம் தேதி என மூன்று தொலைக்காட்சிகள் படம் பிடித்தன. மூன்றிலும் சாக்ஸபோன் வாசிக்கும் எரிக் டால்ஃபி இருக்கிறார், பாடல்களும் சில ஒன்றேதான், எல்லாம் கறுப்பு வெள்ளை. தலைப்புகளில் ஊரை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். எப்படிப் பிரிப்பது? டிரம்பெட் வாசித்த ஜானி கோல்ஸ் 17ஆம் தேதி பாரிஸ் மேடையில் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்குப் போனார். ஆகவே டிரம்பெட்காரர் இருந்தால் ஆஸ்லோ அல்லது ஸ்டாக்ஹோம், இல்லையென்றால் லியேஜ். இரண்டாவது படியில் கூட வாசித்தவர்களை எழுதச் சொன்னது இதற்குத்தான்.

தேதியை இரு விதமாகவும் படியுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், ஐரோப்பியர்கள் நம்மைப் போல நாளை முன்னால். அமெரிக்கர் ஒருவர் 4/12/64 என்று எழுதினால் அது ஏப்ரல் 12, மிங்கஸின் ஆஸ்லோ. ஜெர்மானியர் ஒருவர் 4/12/61 என்று எழுதினால் அது டிசம்பர் 4, கோல்ட்ரேன் பாடன்-பாடன் ஸ்டுடியோவில் வாசித்தது. இரண்டிலும் டால்ஃபி இருக்கிறார் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

படமும் ஒலியும் ஒன்றா பாருங்கள். ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ 1957 டிசம்பர் 8 அன்று ஒளிபரப்பானது. அதே பெயரில் வந்த ஒலித்தட்டு டிசம்பர் 4 அன்று தனியாகப் பதிவானது. இரண்டும் வேறு வேறு வாசிப்பு. பில்லி ஹாலிடே பாடும் ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ தொலைக்காட்சிப் பதிவில் தனி வாசிப்பு வரும் வரிசை இது: முதலில் பென் வெப்ஸ்டர், அடுத்து லெஸ்டர் யங், பின் டிராம்போனில் விக் டிக்கென்சன், ஜெர்ரி மல்லிகன், கோல்மன் ஹாக்கின்ஸ், கடைசியில் டிரம்பெட்டில் ராய் எல்ட்ரிட்ஜ். லெஸ்டர் யங் எழுந்து வந்து சில சொற்றொடர்களை மட்டும் நிதானமாக, அவசரமே இல்லாமல் வாசிக்கிறார்; கேமரா ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது, அவர் மெல்லத் தலையசைத்துக் கேட்கிறார். அந்த இடத்தில் உங்கள் வீடியோவில் வேறு வாத்தியம் கேட்டால் யாரோ ஒலியை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். வேறு பிரதி தேடுங்கள்.

கண்ணாடிப் பிம்பமா பாருங்கள். யூடியூபின் பதிப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்கச் சிலர் படத்தை இடம் வலமாகத் திருப்பி ஏற்றுகிறார்கள். டிரம்பெட்டின் வால்வுகளை வலது கையால்தான் அழுத்துவார்கள். சாக்ஸபோனில் இடது கை மேலே இருக்கும். மாறியிருந்தால் படம் திருப்பப்பட்டது. இதைக் கவனிக்காமல் விரல் பழகுவது ஆபத்து.

கடைசியாகச் சுருதி. ஃபிலிமில் பிடித்த அமெரிக்கப் பதிவு நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு 25. அதை அப்படியே ஓட்டிப் பிரதி எடுத்தால் வேகம் 4 சதவீதம் கூடி, சுருதி அரைஸ்வரத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கீபோர்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கும். அப்படித் தொங்கினால் வேகம் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். யூடியூபின் வேக அமைப்பு இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அது வேகத்தை மாற்றினாலும் சுருதியை அப்படியே வைத்துக்கொள்ளும். கீபோர்டின் டியூன் அமைப்பை ஏற்றி வாசிப்பதுதான் சுலபமான வழி. சாக்ஸபோன்காரர்கள் அதே வாசிப்பின் வேறு பிரதியைத் தேடுவது நல்லது.

ஒலித்தட்டோடு ஒப்பிட்டுச் சுருதி பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டின் முதல் பக்கம் பல்லாண்டுகளாக வேகம் கூடி, சுருதி ஏறியே விற்பனையானது. 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். பழைய பதிப்பை அளவுகோலாக வைத்தால் சரியான வீடியோவைத் தப்பு என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

7. குறித்து வைப்பது

லிங்கை மட்டும் சேமிக்காதீர்கள். வீடியோக்கள் காணாமல் போகும். அப்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. நோட்டில் ஏற்கெனவே இருக்கும் ஐந்து விவரங்களோடு, வீடியோவின் தலைப்பை எழுதியிருந்தபடியே, ஏற்றியவரின் பெயர், நீளம் நிமிடம் நொடியோடு, எந்தப் பாடல் எந்த நிமிடத்தில் என்பதையும் சேருங்கள். நீளம் முக்கியம்: அதே பிரதி வேறு பெயரில் மறுபடி ஏறும்போது நொடிக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

செத்துப்போன லிங்க் மட்டும் இருக்கிறதா? இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதை ஒட்டிப் பாருங்கள். வீடியோ ஓடாவிட்டாலும் பழைய தலைப்பும் ஏற்றியவர் பெயரும் சில நேரம் கிடைக்கும். அதை வைத்து நான்காவது படியை மறுபடி தொடங்கலாம்.

8. பிறருக்குக் கொடுக்கும்போது

இந்தப் பதிவுகளின் உரிமை தொலைக்காட்சி நிலையங்களிடமும் கலைஞர்களின் குடும்பங்களிடமும் இருக்கிறது. இறக்கி உங்கள் சேனலில் ஏற்றாதீர்கள், லிங்கை அனுப்புங்கள். காப்பகமே ஏற்றிய பிரதி இருந்தால் அதையே அனுப்புங்கள். தரமும் நன்றாக இருக்கும், திடீரென்று மறையவும் மறையாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஊர், நாள், வாசித்தவர்கள் ஆகிய மூன்றையும் லிங்கின் கீழே தட்டச்சு செய்து அனுப்புங்கள். தலைப்பு தப்பாக இருந்தால், ஆதாரத்தோடு ஏற்றியவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். நல்லவர்கள் திருத்துகிறார்கள். கிடைக்காதவற்றின் பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அதே சொற்களை மறுபடி அடித்துப் பாருங்கள்; காப்பகங்கள் இன்னும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்போது ஃபில்டரில் ‘இந்த வருடம்’ என்று வைத்தால் புதிதாக வந்தவை மட்டும் தெரியும்.